ஒன்றிய பட்ஜெட் செயலியும் இணையதளமும்: ஒரு வாசகரின் மதிப்புரை

ஒன்றிய அரசின் நிதிநிலை அறிக்கையை நேரடியாகப் படிக்க விரும்புவோருக்கு நிதி அமைச்சகம் இரண்டு வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, பல ஆண்டுகளாக இயங்கிவரும் பட்ஜெட் இணையதளம். மற்றொன்று, 2021 ஜனவரி 23 அன்று, டெல்லியில் நிதி அமைச்சகம் இயங்கிய நார்த் பிளாக்கில், பட்ஜெட் பணிகளின் இறுதிக் கட்டத்தில் வழக்கமாக நடக்கும் அல்வா கிண்டும் நிகழ்ச்சியின்போது நிதி அமைச்சர் நிர்மலா சீதாராமன் வெளியிட்ட ‘யூனியன் பட்ஜெட்’ கைப்பேசிச் செயலி. கொரோனாவை முன்னிட்டு அச்சுப் பிரதிகள் கைவிடப்பட்ட ஆண்டு அது. அதுவரை நாடாளுமன்ற உறுப்பினர்களின் மேசைக்குக் கட்டுக்கட்டாகச் சென்றுகொண்டிருந்த ஆவணங்கள், நிதி அமைச்சர் உரையை முடித்த சிறிது நேரத்தில் யார் கைக்கும் இலவசமாக வந்து சேரும் நிலை அப்போது முழுமை பெற்றது.

இந்த மதிப்புரை அவ்விரண்டையும் பற்றியது. ஆனால் பொத்தான்கள் எங்கே இருக்கின்றன, எழுத்துரு எப்படி இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொண்டால் பயனில்லை. பட்ஜெட் தயாரிக்கும் முறையில் 2017 முதல் செய்யப்பட்ட சீர்திருத்தங்களின் பலன் குடிமக்களுக்கு எந்த அளவு வந்து சேர்ந்திருக்கிறது என்பதை இந்த ஆவணங்களைத் திறந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். என் கணிப்பு இது: அரசு இயந்திரத்தின் வசதிக்காகச் செய்யப்பட்ட மாற்றங்கள் பெரும்பாலும் நன்றாகவே வேலை செய்கின்றன, படிப்பவருக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஆகவேண்டிய மாற்றங்கள் பாதி வழியில் நின்றுவிட்டன.

முதலில் செயலி. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இது ஆண்ட்ராய்டு, ஐபோன் இரண்டிலும் கிடைக்கிறது. உரை, ஆண்டு நிதிநிலை அறிக்கை, மானியக் கோரிக்கைகள் (அமைச்சகங்களின் செலவுக்காக நாடாளுமன்றத்திடம் கேட்கும் தொகைகள்), நிதி மசோதா என 14 ஆவணங்களை உள்ளடக்கியதாக இது அறிமுகமானது. தேடலாம், பெரிதாக்கலாம், தரவிறக்கலாம், அச்சிடலாம். பதிவு செய்யவோ கடவுச்சொல் உருவாக்கவோ வேண்டியதில்லை என்பது அரசுச் செயலிகளோடு பழகியவர்களுக்குப் பெரிய நிம்மதி. எனினும் உள்ளே இருப்பவை அச்சுக்காக வடிவமைக்கப்பட்ட பிடிஎஃப் பக்கங்களே. செலவு அட்டவணை ஒவ்வொன்றிலும் முந்தைய ஆண்டின் அசல் செலவு, நடப்பாண்டின் பட்ஜெட் மதிப்பீடு, அதன் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு என நான்கு பகுதிகள் உண்டு. துறைவாரி ஆவணங்களில் ஒவ்வொரு பகுதியும் வருவாய் (சம்பளம் போன்ற நடப்புச் செலவு), மூலதனம் (சாலை, கட்டடம் போன்ற சொத்துகளுக்கான செலவு), மொத்தம் என மூன்றாகப் பிரிகிறது. ஆகப் பன்னிரண்டு எண்களைக் கொண்ட ஒரு வரியைக் கைப்பேசித் திரையில் இடமும் வலமும் நகர்த்தித்தான் படிக்க வேண்டும்; நகர்த்தும்போது இடது ஓரத்தில் இருக்கும் திட்டத்தின் பெயர் திரையை விட்டுப் போய்விடும். உரையையும் முக்கிய அம்சங்களையும் பேருந்தில் போகும்போது படிக்க இந்தச் செயலி போதும். அதற்கு மேல் ஏதேனும் வேண்டுமென்றால் கணினியில் இணையதளத்தைத் திறப்பதே நல்லது.

இணையதளம் தோற்றத்தில் எளியது. பயனில் செயலியைவிடப் பல மடங்கு மேலானது. செலவு ஆவணங்களைப் பிடிஎஃப் கோப்பாக மட்டுமன்றி எக்செல் கோப்பாகவும் தருகிறார்கள். இந்த ஒரு வசதிக்காகவே தளத்தை உருவாக்கியவர்களுக்கு நன்றி சொல்லலாம். பழைய பட்ஜெட் உரைகளின் தொகுப்பும் இருக்கிறது. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26 அன்று கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் சமர்ப்பித்தபோது ஆற்றிய உரையிலிருந்து அது தொடங்குகிறது. உரைகள் தொடர்ச்சியாகக் கிடைக்கின்றன. எண்கள் அப்படிக் கிடைப்பதில்லை. ஒரு திட்டத்துக்குப் பத்தாண்டுகளில் எவ்வளவு செலவானது என்று பார்க்க, பத்துத் தனித்தனிக் கோப்புகளைத் திறந்து, இடையில் பெயர் மாறிய, வேறொன்றோடு இணைக்கப்பட்ட, இரண்டாகப் பிரிக்கப்பட்ட திட்டங்களை நாமே பொருத்திப் பார்க்க வேண்டும். எண்களை வைத்திருக்கும் அமைச்சகமே செய்து தரக்கூடிய வேலை இது.

ஆவணங்களுக்குள் வருவோம். பெரும்பாலானவர்கள் முதலில் திறப்பது ‘பட்ஜெட் ஒரு பார்வை’ என்ற சிறு நூலையே. அதில் ஒரு ரூபாய் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று காட்டும் வட்டப்படம் உண்டு. மறுநாள் எல்லாச் செய்தித்தாள்களிலும் வருவதும் அதுதான். 2025-26-ஆம் ஆண்டுக்கான படத்தின்படி, செலவாகும் ஒவ்வொரு ரூபாயிலும் வட்டிக்குப் போவது 20 காசு. அதே நூலின் அட்டவணையைப் பார்த்தால், வட்டிச் செலவு 12,76,338 கோடி ரூபாய், மொத்தச் செலவு 50,65,345 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் நூற்றுக்கு 25-க்குச் சற்று மேல் வருகிறது. 20 காசு எங்கே, 25 காசு எங்கே? இரண்டும் சரியே, அடித்தளம்தான் வேறு. வட்டப்படத்தின் ரூபாயில் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கும் வரிப்பங்கு, அதாவது ஏறத்தாழ 14.22 லட்சம் கோடி ரூபாய், சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. மொத்தச் செலவு அட்டவணையில் அது கழிக்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் அரசியலமைப்பின்படி அது ஒன்றிய அரசின் வருவாயே அல்ல. பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இதற்குக் குறிப்பும் இருக்கிறது. யாரும் எதையும் மறைக்கவில்லை. ஆனால் மாநிலங்களின் பங்கையும் வகுக்கும் தொகையில் சேர்த்ததால், ஒன்றிய அரசின் வட்டிச் சுமையும் கடன் சார்பும் உண்மையைவிடச் சிறியவையாகத் தெரிகின்றன. அதே படத்தில் ‘மாநிலங்களின் வரிப்பங்கு 22 காசு’ என்ற துண்டு, ஒன்றிய அரசு தன் கையிலிருந்து கொடுப்பதைப் போன்ற தோற்றத்தைத் தருகிறது. பொதுமக்கள் அதிகமாகப் பார்க்கும் ஒரே பக்கத்துக்கு இந்த அடித்தளத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பாதுகாப்புச் செலவிலும் இதே கதை. முக்கியச் செலவினங்களின் அட்டவணை 4,91,732 கோடி ரூபாய் என்கிறது. பாதுகாப்பு அமைச்சகத்தின் மொத்த ஒதுக்கீடோ 6,81,210 கோடி ரூபாய். வேறுபாட்டின் பெரும்பகுதி முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியம். எஞ்சியது அமைச்சகத்தின் குடிமுறைச் செலவு. ஓய்வூதியத்தை எல்லாத் துறைகளுக்கும் சேர்த்துத் தனித் தலைப்பில் காட்டுவது கணக்கியல்படி தவறில்லை. ஆனால் இவ்விரு எண்களில் எதை எடுத்தாலும் ஆதாரம் காட்டலாம் என்பதால், தொலைக்காட்சி விவாதங்களில் ஒருவர் செலவு போதவில்லை என்றும் மற்றொருவர் தாராளமாக இருக்கிறது என்றும் வாதிட இரண்டுமே கைகொடுக்கின்றன. ஒரு வரிக் குறிப்பும் ஓர் இணைப்பும் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

மொழியைப் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. செயலி ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கிறது. தமிழில் நமக்குக் கிடைப்பது பத்திரிகைத் தகவல் அலுவலகம் வெளியிடும் செய்திக்குறிப்புகளே, அட்டவணைகள் இல்லை. தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 13 அன்று தன் முதல் காகிதமில்லா பட்ஜெட்டைச் சமர்ப்பித்தபோது அது தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் கருவூலம் தன் பட்ஜெட்டோடு ‘மக்கள் வழிகாட்டி’ என்ற சிறு கையேட்டை அந்நாட்டின் பல மொழிகளில் வெளியிட்டு வருகிறது. நானூறு பக்க ஆவணத்தை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. ‘ஒரு பார்வை’ நூலை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் தருவது இயலாத காரியமன்று.

இனி, தயாரிப்பு முறையின் சீர்திருத்தங்கள். 2017-ஆம் ஆண்டு அருண் ஜெட்லி நிதி அமைச்சராக இருந்தபோது மூன்று மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்தன: பிப்ரவரி கடைசி வேலைநாளில் சமர்ப்பிக்கப்பட்டுவந்த பட்ஜெட் பிப்ரவரி முதல் தேதிக்கு முன்னே நகர்ந்தது; 1924 முதல் தனியாக இருந்த ரயில்வே பட்ஜெட் பொது பட்ஜெட்டோடு இணைந்தது; திட்டச் செலவு (ஐந்தாண்டுத் திட்டங்களின் கீழ் வருவது), திட்டம் சாராச் செலவு (மற்றவை) என்ற பாகுபாடு நீக்கப்பட்டது.

தேதி மாற்றத்தின் நன்மை கண்கூடானது. முன்பு மார்ச் 31-க்குள் முழு விவாதத்தையும் முடிக்க நேரம் இருக்காது. எனவே ஏப்ரல், மே மாதங்களுக்குச் செலவு செய்ய மட்டும் நாடாளுமன்றம் முன்பண ஒப்புதல் தரும். நிதி ஒதுக்கீட்டு மசோதா மே மாதத்தில்தான் நிறைவேறும். ஜூன் மாதத்தில் பணம் கைக்கு வரும்போது பருவமழை தொடங்கிவிடும். சாலையும் பாலமும் அக்டோபருக்குப் பிறகுதான் அசையும். இப்போது ஏப்ரல் முதல் தேதியிலேயே அமைச்சகங்களுக்கு முழு ஆண்டின் ஒதுக்கீடு கிடைத்துவிடுகிறது. கட்டுமானத் துறையில் இருப்பவர்களுக்கு மழைக்கு முந்தைய இந்த மாதங்களின் அருமை தெரியும்.

இதற்குக் கொடுத்த விலையைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. பிப்ரவரி முதல் தேதியில் சமர்ப்பிக்க வேண்டுமானால் நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடுகளை ஜனவரியிலேயே முடித்தாக வேண்டும். அதற்காக நாட்டின் மொத்த உற்பத்தியின் முதல் முன்கூட்டிய மதிப்பீடும் ஜனவரி முதல் வாரத்துக்கு நகர்த்தப்பட்டது. ஏழெட்டு மாதத் தரவுகளை வைத்துக்கொண்டு பன்னிரண்டு மாதக் கணக்கை எழுத வேண்டிய நிலை. எனவே அட்டவணையில் ‘திருத்திய மதிப்பீடு’ என்ற பகுதியைப் பார்க்கும்போது அது ஏறக்குறைய முடிந்த ஆண்டின் கணக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

இருந்தாலும் அந்தப் பகுதிதான் ஆவணத்திலேயே அதிகம் பேசுவது. 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், ஊரக வீடுகளுக்குக் குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்துக்கான வரியை எடுத்துக்கொள்வோம். 2024-25-க்கான பட்ஜெட் மதிப்பீடு 70,163 கோடி ரூபாய். அதற்கு நேரே வலப்பக்கத்தில் திருத்திய மதிப்பீடு 22,694 கோடி ரூபாய். அடுத்து, 2025-26-க்கான ஒதுக்கீடு 67,000 கோடி ரூபாய். உரையில் இத்திட்டம் 2028 வரை கூடுதல் நிதியோடு நீட்டிக்கப்படும் என்ற அறிவிப்பு இருக்கிறது. நடப்பாண்டில் ஒதுக்கியதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவாகாது என்ற செய்தி உரையில் இல்லை. அது அட்டவணையில் மட்டும், எந்த விளக்கமும் இல்லாமல் இருக்கிறது. ஏன் குறைந்தது, மாநிலங்கள் பங்குத் தொகையைத் தரவில்லையா, ஒன்றிய அரசு விடுவிக்கவில்லையா, பணிகளில் குறைபாடா என்பதற்கு ஒரு பத்திகூடக் கிடையாது. ஒதுக்கீடு இத்தனை விழுக்காட்டுக்கு மேல் மாறினால் காரணம் எழுத வேண்டும் என்ற ஒரு விதியைப் பட்ஜெட் தயாரிப்புச் சுற்றறிக்கையில் சேர்த்து, அந்தக் காரணத்தை வெளியிட்டாலே இந்த ஆவணங்களின் தரம் ஒரே ஆண்டில் மாறிவிடும். தனியார் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இப்படி ஓர் எண் விளக்கமின்றி நின்றால் பங்குதாரர்கள் சும்மா விடுவார்களா?

திட்டச் செலவு, திட்டம் சாராச் செலவு என்ற பாகுபாட்டை நீக்க வேண்டும் என்று 2011-லேயே சி. ரங்கராஜன் தலைமையிலான குழு பரிந்துரைத்திருந்தது. திட்டச் செலவு என்றால் வளர்ச்சி, மற்றது என்றால் வீண் என்ற எண்ணம் நிர்வாகத்தில் ஊறிப்போயிருந்த காலம் அது. புதிய மருத்துவமனைக் கட்டடத்துக்குப் பணம் எளிதாகக் கிடைக்கும். அதில் மருத்துவரை நியமிக்கவும் கூரையைப் பழுதுபார்க்கவும் கிடைக்காது, ஏனெனில் அவை திட்டம் சாராதவை. அப்பாகுபாடு போனது நல்லதே. இப்போது அதன் இடத்தில் வருவாய்ச் செலவு, மூலதனச் செலவு என்ற பிரிவு முன்னுக்கு வந்திருக்கிறது. கூடவே மூலதனம் என்றால் நல்லது, வருவாய் என்றால் கெட்டது என்ற புதிய எண்ணமும் வந்திருக்கிறது. 2025-26-இல் மூலதனச் செலவு 11.21 லட்சம் கோடி ரூபாய் என்று பெருமையாகச் சொல்லப்பட்டது. அதில் 1.5 லட்சம் கோடி ரூபாய், மாநிலங்களுக்கு வட்டியில்லாமல் 50 ஆண்டுகளுக்குத் தரப்படும் கடன். அந்தப் பணத்தில் மாநிலம் ஒரு பாலம் கட்டினால் மாநிலத்தின் மூலதனச் செலவிலும் அதே தொகை ஏறும். ஆசிரியர் சம்பளமோ வருவாய்ச் செலவு. பழைய கோட்டை அழித்துவிட்டு, அதே ஆர்வத்தோடு வேறொரு கோட்டை வரைந்திருக்கிறோம்.

ரயில்வே இணைப்பைப் பொறுத்தவரை, நிதி ஆயோக்கின் விவேக் தேப்ராய் முன்வைத்த வாதம் சரியானது: பிரிட்டிஷ் காலத்தில் நாட்டின் வருவாயில் பெரும்பங்கு வகித்த ஒரு துறைக்காக உருவான ஏற்பாட்டை, அந்த நிலை போன பிறகும் தொடரக் காரணமில்லை. ஆண்டுதோறும் நடந்த புதிய ரயில் அறிவிப்புத் திருவிழாவும் ஓய்ந்தது. ஆனால் வாசகர் இழந்ததும் உண்டு. பட்ஜெட் ஆவணத்தில் இப்போது ரயில்வேக்கான பகுதியில் புதிய பாதை, இரட்டைப் பாதை, மின்மயமாக்கல் என நாடு முழுமைக்குமான தொகைகளே இருக்கின்றன. எந்தப் பாதைக்கு எவ்வளவு என்பது ரயில்வேயின் தளத்தில் தனியாக வெளியாகும் ‘பிங்க் புக்’ என்ற தொகுப்பில்தான் தெரியும். 2025-26-இல் தமிழ்நாட்டுக்கு 6,626 கோடி ரூபாய் என்பதை ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் செய்தியாளர் சந்திப்பில் சொல்லித்தான் அறிந்துகொண்டோம். அத்தொகுப்பைப் பட்ஜெட் தளத்திலேயே அன்றே இணைப்பது ஒன்றும் பெரிய வேலையல்ல.

உண்மையிலேயே பாராட்ட வேண்டிய மாற்றம், கணக்குக்கு வெளியே வாங்கப்பட்ட கடன்களை உள்ளே கொண்டுவந்தது. இந்திய உணவுக் கழகத்துக்கு அரசு தரவேண்டிய உணவு மானியத்தை முழுமையாகத் தராமல், தேசிய சிறுசேமிப்பு நிதியிலிருந்து கழகமே கடன் வாங்கிக்கொள்ளும்படி செய்யும் பழக்கம் சில ஆண்டுகள் நடந்தது. செலவு நடந்துவிடும், நிதிப் பற்றாக்குறையில் மட்டும் தெரியாது. 2019-20-இல் உணவு மானியத்துக்கு முதலில் 1.84 லட்சம் கோடி ரூபாய் என்று எழுதி, திருத்திய மதிப்பீட்டில் 1.09 லட்சம் கோடி ரூபாயாகக் குறைத்தது இப்படித்தான். மக்கள் சாப்பிட்டது குறையவில்லை. கணக்குதான் இடம் மாறியது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் இதைச் சுட்டிக்காட்டியிருந்தார். 2021 பிப்ரவரியில் நிதி அமைச்சர் இந்தப் பழக்கத்தை நிறுத்துவதாக அறிவித்து, பழைய கடனைத் தீர்க்கும் தொகையையும் சேர்த்து எழுதியபோது, 2020-21-க்கான உணவு மானியம் 1.16 லட்சம் கோடி ரூபாயிலிருந்து 4.23 லட்சம் கோடி ரூபாயாகத் தாவியது. அந்த ஆண்டு நிதிப் பற்றாக்குறை நாட்டின் மொத்த உற்பத்தியில் 9.5 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டதற்குப் பெருந்தொற்று முதற்காரணம், இந்தக் கணக்குச் சுத்தம் மற்றொரு காரணம். பெரிய எண்ணைக் காட்டப் பொருத்தமான ஆண்டைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று குறைகூறலாம். காட்டினார்களே என்பதுதான் முக்கியம். இப்போது செலவு விவர நூலின் 27-ஆவது அறிக்கை இத்தகைய வெளிக்கடன்களுக்கென்றே இருக்கிறது. அதைத் திறப்பவர்கள் குறைவு. திறந்து பார்ப்பது நல்லது.

விளைவு பட்ஜெட் 2005-இல் தொடங்கியது. 500 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டங்களுக்கு என்ன செய்யப்படும், அதனால் என்ன பயன் விளையும் என்று இலக்குகளோடு ஒரு தடித்த ஆவணம் ஆண்டுதோறும் வருகிறது. வரும் ஆண்டின் இலக்குகள் விரிவாக இருக்கின்றன. சென்ற ஆண்டின் இலக்குகள் எட்டப்பட்டனவா என்று அதே வரிசையில், அதே பக்கத்தில் ஒப்பிட வழியில்லை. இதற்கு மேல் சொல்ல அதில் ஒன்றுமில்லை.

இந்த 14 ஆவணங்களில் எதுவுமே பேசாத ஒன்று உண்டு. அது இந்த எண்கள் உருவான விதம். பொருளாதார விவகாரத் துறை ஆகஸ்ட் அல்லது செப்டம்பர் வாக்கில் சுற்றறிக்கை அனுப்புகிறது. அக்டோபர், நவம்பர் மாதங்களில் செலவினச் செயலாளர் ஒவ்வொரு அமைச்சகத்தோடும் அமர்ந்து உச்சவரம்பை முடிவு செய்கிறார். தொழில்துறையினர், தொழிற்சங்கத்தினர், பொருளாதார அறிஞர்கள், மாநில நிதி அமைச்சர்கள் ஆகியோரோடு ஆலோசனைகள் நடக்கின்றன. பிறகு அல்வா, அதன் பின் இரகசியம் காக்க அதிகாரிகளைப் பூட்டி வைக்கும் நாட்கள். அமைச்சகம் எவ்வளவு கேட்டது, எவ்வளவு கிடைத்தது, ஏன் என்பது பிப்ரவரிக்கு முன் வெளியே வருவதில்லை. வரி விகிதங்கள் முன்கூட்டியே தெரிந்தால் பதுக்கலும் ஊகவணிகமும் நடக்கும் என்பதால் இரகசியம் தேவை என்பார்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்த பிறகு மறைமுக வரிகளில் பெரும்பகுதியைத் தீர்மானிப்பது பட்ஜெட் அல்ல, ஜிஎஸ்டி கவுன்சில். எஞ்சியிருக்கும் சுங்க வரிக்கும் வருமான வரிக்கும் இரகசியம் காப்பதில் எனக்கு மறுப்பில்லை. பள்ளிக்கல்விக்கு எவ்வளவு உச்சவரம்பு என்பதில் எதற்கு இரகசியம்?

தென்னாப்பிரிக்காவில் பிப்ரவரி பட்ஜெட்டுக்கு முன்பாகவே, வழக்கமாக அக்டோபரில், அடுத்த மூன்றாண்டுகளுக்கான செலவுத் திசையைச் சொல்லும் கொள்கை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. இங்கே அதற்கு இணையாக எதுவும் இல்லை. அரசின் கணிப்புகளைச் சரிபார்க்கத் தன்னாட்சி கொண்ட நிதிக் கவுன்சில் ஒன்று வேண்டும் என்று 2017-இல், நிதிப் பொறுப்புச் சட்டத்தை மறுஆய்வு செய்த என்.கே. சிங் குழு பரிந்துரைத்தது, அதுவும் அமைக்கப்படவில்லை.

நாடாளுமன்றத்தில் நடப்பதோ இன்னும் வருத்தத்துக்குரியது. 1993-இல் துறைவாரி நிலைக்குழுக்கள் உருவானது மானியக் கோரிக்கைகளை நிதானமாக ஆராயத்தான். அவை அறிக்கைகளைத் தருகின்றன, அந்த அறிக்கைகளில் பலவும் பட்ஜெட் ஆவணங்களைவிடத் தெளிவாக இருக்கின்றன. ஆனால் 2018 மார்ச்சிலும் 2023 மார்ச்சிலும் மக்களவை அனைத்து மானியக் கோரிக்கைகளையும் விவாதமே இல்லாமல் ‘கில்லட்டின்’ முறையில் ஒரே மூச்சில் நிறைவேற்றியது. 2023-இல் அப்படி நிறைவேறியது 45 லட்சம் கோடி ரூபாய்க்கான பட்ஜெட். தேதியை முன்னே நகர்த்தியதன் நோக்கங்களில் ஒன்று மார்ச்சுக்குள் முழு விவாதத்தையும் முடிப்பது. முடிந்தது விவாதமல்ல, நடைமுறை மட்டுமே. அமளிக்கு யார் பொறுப்பு என்பதில் ஆளும் தரப்புக்கும் எதிர்த்தரப்புக்கும் வேறுவேறு பதில்கள் இருக்கும். ஒதுக்கீட்டைப் படித்துப் பார்க்காமல் கைதூக்கிய அவை என்பது இருவருக்கும் பொதுவானது. நிலைக்குழு அறிக்கைகளை அந்தந்த மானியக் கோரிக்கைக்கு அருகிலேயே இணைத்துக் காட்டும் வசதி செயலியில் இருந்திருந்தால், உறுப்பினர்கள் படிக்காவிட்டாலும் வாக்காளர்கள் படித்திருப்பார்கள்.

அடுத்த பிப்ரவரி முதல் தேதியில் இவற்றைத் திறக்கப்போகிறவர்களுக்கு என் பரிந்துரை: செயலியை உரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் தளத்தைத் திறந்து, முதலில் ‘ஒரு பார்வை’ நூலின் அட்டவணைகளைப் பாருங்கள், வட்டப்படத்தைப் பிறகு பாருங்கள். அடுத்து, உங்களுக்கு அக்கறையுள்ள ஒரு துறையின் எக்செல் கோப்பை இறக்கி, பட்ஜெட் மதிப்பீட்டுக்கும் திருத்திய மதிப்பீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே கழித்துப் பாருங்கள். பிறகு 27-ஆவது அறிக்கை. நிதி மசோதாவைப் புரிந்துகொள்ள அதன் விளக்கக் குறிப்பு தனி ஆவணமாக இருக்கிறது. வருமான வரி மாற்றங்களுக்குச் செய்தித்தாளைவிட அது நம்பகமானது. ஏப்ரலுக்குப் பிறகு, தலைமைக் கணக்குக் கட்டுப்பாட்டாளர் மாதந்தோறும் வெளியிடும் கணக்குகளைப் பின்தொடரலாம். அமைச்சகவாரியாக எவ்வளவு செலவாகியிருக்கிறது என்பது ஒரு மாத இடைவெளியில் அங்கே தெரிந்துவிடும். அந்த அமைச்சகத்துக்குள் எந்தத் திட்டத்துக்கு அந்தப் பணம் போனது என்று பட்ஜெட் ஆவணங்களில் பார்க்க அடுத்த பிப்ரவரி வரை பொறுத்திருக்க வேண்டும். அசல் செலவுக்கு அதற்கும் அடுத்த பிப்ரவரி.